கேள்வி–பதில்: வரப்பில் இறங்கி நின்ற கண்

சென்ற இதழில் கொரிய ஓவியர் லீ சாங்-போம் 1926இல் வரைந்த ‘குளிர்காலத் தொடக்கம்’ என்னும் மை ஓவியத்தை அச்சிட்டு, அதன் கீழே “கிழக்கு, மேற்கு நிலக்காட்சி மரபுகளை இணைத்தவர்” என்று ஒரே வரியில் குறிப்பு எழுதியிருந்தோம். அந்த ஒரு வரி போதாது என்று சொல்லும் கடிதங்கள் நிறைய வந்துள்ளன. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: படத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். சாம்பல் நிற மை, வெறும் நிலம், தாழ்ந்த குன்றுகள், இலையுதிர்ந்த மரங்கள். எல்லாமே கிழக்காசிய ஓவியமாகத்தான் தெரிகிறது. இதில் மேற்கு எங்கே இருக்கிறது?

பதில்: படத்தில் வரையப்பட்ட பொருள்களுக்குள் தேடினால் மேற்கு அகப்படாது. ஓவியர் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார் என்று தேடிப் பாருங்கள், அகப்படும்.

இதை விளங்கிக்கொள்ள, அதே கை நான்கு ஆண்டுகளுக்கு முன் வரைந்த இன்னொரு படத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1922இல், தம் 25ஆம் வயதில், லீ பத்துப் பலகைகள் கொண்ட ஒரு மடிப்புத் திரையில் பீச் மலர்ச் சோலையை வரைந்தார். வழி தவறிய மீனவன் ஒருவன் பீச் மரங்கள் பூத்த ஓடையைத் தொடர்ந்து சென்று, உலகத் துயர் எட்டாத ஒரு கிராமத்தைக் கண்டான் என்னும் பழைய சீனக் கதைதான் அதன் கரு. கொரியாவில் இந்தக் கரு மிகவும் செல்வாக்குப் பெற்றது. 1447இல் ஆன் க்யோன், இளவரசர் ஒருவர் கண்ட கனவை வரைந்தபோதும் இதே சோலையைத்தான் வரைந்தார். லீயின் திரையில் மலைகள் நீலமும் பச்சையுமாக அடுக்கடுக்காக எழுகின்றன. அவற்றை யாரும் தரையில் நின்று பார்க்கவில்லை. பார்ப்பவரின் கண் காற்றில் மிதந்து, ஒரு பலகையில் சிகரத்தை அண்ணாந்து பார்த்து, அடுத்த பலகையில் பள்ளத்தாக்கைக் குனிந்து பார்த்து, விரும்பியபடி உலாவுகிறது. அந்த மரபில் அது பிழையன்று, இலக்கணம். மலை என்பது அங்கே கண்ணால் பார்த்து முடிக்கும் பொருளன்று, மனத்தால் நடந்து கடக்கும் உலகம்.

இனி 1926ஆம் ஆண்டுப் படத்துக்கு வாருங்கள். மிதந்த கண் தரைக்கு வந்துவிட்டது. நாம் ஒரு வயல் வரப்பில் நிற்கிறோம். நம் காலடியில் தொடங்கும் நிலம் மெல்ல ஏறி, தாழ்ந்த குன்றுகளில் போய் முடிகிறது. அருகில் உள்ளவை பெரிதாகவும் தெளிவாகவும், தொலைவில் உள்ளவை சிறிதாகவும் மங்கலாகவும் இருக்கின்றன. படத்துக்கு ஒரே பருவம், ஒரே பொழுது, ஒரே வானிலை. ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியம் பல நூற்றாண்டுகளாகப் பழகி வந்த ஒழுங்கு இது: ஒருவர், ஓரிடத்தில் நின்று, ஒரு நேரத்தில் பார்ப்பது. லீ அந்த ஒழுங்கை எடுத்துக்கொண்டார். ஆனால் எண்ணெய் வண்ணத்தையும் துணிப்பரப்பையும் எடுத்துக்கொள்ளவில்லை. குன்றை வரையும் கீற்றும் புதரை வரையும் புள்ளியும் பழைய மை ஓவியத்துக்கே உரியவையாக நின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டுச் சீன ஓவியர் குவோ ஸி மலையைப் பார்க்கும் தொலைவுகளை மூன்றாகப் பிரித்தார். அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயர் தொலைவு, முன்மலையிலிருந்து பின்மலைகளின் உள்ளே ஊடுருவிப் பார்ப்பது ஆழ் தொலைவு, அருகிலுள்ள மலையிலிருந்து எட்டத்தில் உள்ள மலைகளைச் சமமாகப் பார்ப்பது சமத் தொலைவு. பெரிய மலை ஓவியங்களில் மூன்றும் கலந்தே வரும். லீ முதல் இரண்டையும் ஏறக்குறையக் கைவிட்டு, மூன்றாவதை மட்டும் எடுத்து, அதையும் மலையிலிருந்து கீழே இறக்கி வயலில் வைத்தார். ஆகவே, வெளியிலிருந்து ஒரு புதிய கதவைக் கொண்டுவந்து அவர் பொருத்தினார் என்று சொல்வதைவிட, வீட்டில் நெடுங்காலமாக இருந்த ஒரு கதவை மேற்கின் பார்வைமுறையைக் கொண்டு திறந்தார் என்று சொல்வதே பொருத்தம். இணைப்பு ஒட்டுப்போட்டதுபோல் தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பனிமூட்டத்தையும் கவனியுங்கள். பழைய மை ஓவியத்தில் மூட்டம் என்பது பெரும்பாலும் தொடப்படாத தாள். மலையின் இடுப்பை மறைத்து, உச்சியை உலகத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் வேலை. லீயின் படத்தில் அந்த வெண்மை மறைந்து, நீர்த்த மையின் சாம்பல் படலம் பரவியிருக்கிறது. அது மறைப்பதற்காக இல்லை. அன்றைக்கு அங்கே குளிராக இருந்தது என்று சொல்வதற்காக இருக்கிறது.

கேள்வி: அவர் ஐரோப்பாவில் படித்தவரா, அல்லது ஜப்பானில் படித்தவரா?

பதில்: இரண்டிலும் இல்லை. 1897இல் கோங்ஜு பகுதியில் பிறந்த லீ, 1914இல் சியோலில் இருந்த எழுத்து–ஓவியக் கழகப் பள்ளியில் சேர்ந்து, அங்கேயே பழைய முறைப்படி பயின்றார். அவருடைய ஆசிரியர் ஆன் ஜுங்-சிக், அரசவை மரபின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். ‘பழைய முறை’ என்றவுடன் வெளியுலகம் அறியாத ஆசிரியர் என்று நினைத்துவிட வேண்டாம். 1881இல் கொரிய அரசு நவீனக் கருவித் தொழில்களைக் கற்றுவரச் சீனாவின் தியென்ஜினுக்கு ஓர் இளைஞர் குழுவை அனுப்பியபோது, இயந்திர வரைபடம் கற்க அனுப்பப்பட்டவர்களுள் ஆன் ஜுங்-சிக்கும் ஒருவர். மற்றொருவர் அதே பள்ளியில் பின்னாளில் உடன் ஆசிரியராக இருந்த ஜோ சோக்-ஜின்.

ஆன் 1915இல் வரைந்த ‘பேகாக் மலையில் வசந்த விடியல்’ என்னும் படத்தில் இதன் தடத்தைக் காணலாம். க்யோங்போக் அரண்மனையும் அதன் பின்னே எழும் பேகாக் மலையும்தான் காட்சி. முன்னே குவாங்ஹ்வாமுன் வாயில் நேராக நிற்க, அதன் பின்னால் கூரைகள் மரங்களுக்கும் மூட்டத்துக்கும் இடையே படிப்படியாகப் பின்வாங்குகின்றன. மலை மட்டும் பழைய மரபின் மலையாகவே மேலே எழுகிறது. தலைப்பு வசந்தம் என்று சொன்னாலும், படத்தின் இரண்டு வடிவங்களில் ஒன்று அவ்வாண்டுக் கோடையிலும் மற்றொன்று இலையுதிர் காலத்திலும் வரையப்பட்டவை. அதே ஆண்டில் ஜப்பானியக் காலனி அரசு அந்த அரண்மனை வளாகத்துக்குள்ளேயே ஒரு பெரிய தொழிற்கண்காட்சியை நடத்தியது, அதற்காகப் பல கட்டடங்கள் அகற்றப்பட்டிருந்தன. இல்லாமல்போன ஓர் அரண்மனையை முழுமையாக வரைந்த ஆசிரியரிடம்தான் லீ தொழில் கற்றார்.

லீக்கு ‘சோங்ஜோன்’ என்னும் புனைபெயரைக் கொடுத்தவரும் ஆசிரியர்தான். ஆசிரியரின் புனைபெயர் ‘சிம்ஜோன்’, அதாவது மன வயல். அதன் ஒரு பாதியை லீக்கும் மற்றொரு பாதியை உடன் பயின்ற நோ சு-ஹியோனுக்கும் பிரித்துக் கொடுத்தார் என்பார்கள். வயல் லீயின் பங்குக்கு வந்தது. சோங்ஜோன் என்றால் பசும் வயல்.

மேற்கத்திய ஓவியம் அப்போது கொரியாவுக்குள் வந்த வழி பெரும்பாலும் டோக்கியோ வழிதான். கொரியர்களுள் முதன்முதலில் எண்ணெய் வண்ண ஓவியம் படித்தவராகக் கருதப்படும் கோ ஹுய்-தோங், டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் படித்துவிட்டு 1915இல் திரும்பினார். அவர் சில ஆண்டுகளில் எண்ணெய் வண்ணத்தை விட்டுவிட்டு மைக்கே திரும்பியது தனிக் கதை. மை பழகியவர்கள் மேற்கை நோக்கி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மேற்கைக் கற்றுவந்தவர் மையை நோக்கி நடந்துவந்தார். இடைவழியில் இருவரும் சந்தித்திருப்பார்கள்.

1923இல் லீயும் நோ சு-ஹியோனும் பியோன் க்வான்-சிக், லீ யோங்-உ ஆகியோரும் சேர்ந்து ‘தோங்யோன்சா’ என்னும் சிறு குழுவைத் தொடங்கினார்கள். பழையதையும் புதியதையும், கிழக்கையும் மேற்கையும் சேர்த்துப் பயின்று ஒரு புதிய ஓவியத்தை உருவாக்குவதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்ன குழு அது. நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் அந்த நால்வரும் அதற்குப் பின் வரைந்தவற்றைப் பார்த்தால், குழு கலைந்தபோது எண்ணம் கலையவில்லை என்று தெரிகிறது.

கேள்வி: கொரிய நிலத்தை நேரில் பார்த்து வரையும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜோங் சோன் தொடங்கியதுதானே? லீயைப் புதுமை என்று எப்படிச் சொல்லலாம்?

பதில்: நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. ஜோங் சோன் 1676 முதல் 1759 வரை வாழ்ந்தவர். சீன ஏடுகளில் உள்ள மலைகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த காலத்தில், சொந்த நாட்டின் மலைகளை நேரில் சென்று கண்டு வரைந்து ஒரு புதிய மரபையே உண்டாக்கினார். கொரியாவின் 1000 வோன் பணத்தாளின் பின்புறத்தில் அச்சாகியிருப்பதும் அவர் வரைந்த நிலக்காட்சிதான்.

ஆனால் அவர் 1734இல் வரைந்த கும்காங் மலை ஓவியத்தைப் பாருங்கள். பன்னீராயிரம் சிகரங்கள் என்று பெயர் பெற்ற அந்த மலைத்தொடர் முழுவதையும், ஊசிபோன்ற பாறைச் சிகரங்கள் ஒரு புறமும் மண் குன்றுகள் மறு புறமுமாக, ஒரு வட்டத்துக்குள் அடக்கிவிட்டார். எந்த மனிதக் கண்ணுக்கும் அப்படித் தெரியாது. நடந்து, ஏறி, இறங்கி, பல நாள் பார்த்ததையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, கழுகுக்கும் எட்டாத உயரத்திலிருந்து வரைந்தது அது. மலை உண்மையான மலை, பார்வை மனத்தின் பார்வை. 1751இல் சியோலின் இன்வாங் மலையை மழைக்குப் பின் வரைந்த படத்தில் அவர் நம்மை ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு பொழுதையும் குறிப்பிட்டுவிடுகிறார் என்பது உண்மைதான். அந்தப் படம் லீயின் காலத்துக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. இருந்தாலும் ஈர மை சொட்டும் அந்தக் கரும்பாறைகள் ஒரு பெருமலையின் கம்பீரத்துக்காகவே அங்கே இருக்கின்றன.

லீயின் புதுமை, பெயரில்லாத இடத்தை வரைந்ததில் இருக்கிறது. அவருடைய குன்றுக்குப் புகழ் கிடையாது, கவிஞர்கள் யாரும் அதைப் பாடியதில்லை. திணை இலக்கணம் பழகிய நமக்கு, நிலத்தைச் சொன்னால் பொழுதும் மாந்தரும் அவர்கள் செய்யும் தொழிலும் கூடவே வந்துவிடும். லீயின் படங்களிலும் அப்படித்தான்: குன்று தனியாக வராது, அதைக் கடந்து வீடு திரும்பும் ஒருவரோடுதான் வரும்.

கேள்வி: 1936 ஒலிம்பிக் மாரத்தான் வீரரின் சட்டையிலிருந்து ஜப்பானியக் கொடியை அழித்த ஓவியரும் இவரும் ஒருவரா?

பதில்: ஒருவரே. 1936 ஆகஸ்ட் 9ஆம் நாள் பெர்லினில் மாரத்தான் ஓட்டத்தில் தங்கம் வென்ற சோன் கீ-ஜோங் கொரியர். நாடு ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால், ஜப்பானியக் கொடியை மார்பில் தாங்கி, ஜப்பானிய உச்சரிப்பில் எழுதிய பெயரோடு ஓடினார். பரிசு மேடையில் அவர் நின்ற படத்தை ‘தோங்-ஆ இல்போ’ நாளிதழ் ஆகஸ்ட் 25இல் வெளியிட்டபோது, மார்பில் இருந்த கொடி மறைந்திருந்தது. அந்த நாளிதழின் கலைப் பிரிவில் பணியாற்றிய லீதான் அதைத் தூரிகையால் அழித்தவர். அவரும் உடன் பணியாற்றியவர்களும் கைது செய்யப்பட்டார்கள், வேலை போயிற்று, நாளிதழ் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் முடக்கப்பட்டது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் பதில் இனிமையாக இருக்கும், ஆனால் முழுமையாக இருக்காது. 1940களின் போர்க்காலத்தில் அதே ஓவியர் ஜப்பானின் போருக்கு ஆதரவான ஓவிய முயற்சிகளில் பங்கெடுத்தார், படைக்கு ஆள்சேர்ப்பை வாழ்த்தும் செய்தித்தாள் படமும் வரைந்தார். காலனி ஆட்சிக்குத் துணைபோனவர்களைப் பட்டியலிட்டு 2009இல் தென்கொரியாவில் வெளியான பெயர் அகராதியில் அவர் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழித்துவிட முடியாது. இரண்டையும் செய்தது ஒரே கை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1922 முதல் 1944 வரை காலனி அரசு ஆண்டுதோறும் ஒரு பெரிய ஓவியக் கண்காட்சியை நடத்தியது. நடுவர்கள் பெரும்பாலும் ஜப்பானியர்கள். லீ அதில் தொடர்ந்து பத்து முறை ‘சிறப்புத் தேர்வு’ என்னும் மதிப்பைப் பெற்றவர், ‘குளிர்காலத் தொடக்கம்’ படமும் அங்கே காட்டப்பட்டதுதான். கொரிய ஓவியர்களிடம் அந்த நடுவர்கள் எதிர்பார்த்து ஊக்குவித்தது ‘மண்ணின் வண்ணம்’, அதாவது அமைதியான, ஏழ்மையான, காலம் உறைந்துபோன நாட்டுப்புறம். அப்படியானால் லீயின் வெறும் வயல் அவர் கண்ட வயலா, நடுவர் காண விரும்பிய வயலா? கொரியக் கலை வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றி நிறைய விவாதித்திருக்கிறார்கள். என் எண்ணம் இது: 1920களின் படங்களில் இரண்டும் கலந்திருக்கின்றன. 1945இல் ஜப்பானிடமிருந்து கிடைத்த விடுதலைக்குப் பின், அந்த நடுவர்கள் போன பின்பும், அவர் அதே வயலுக்குத்தான் திரும்பினார். ஆகவே அந்த வயலில் அவருக்கென்று சொந்தமாக ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் அவருடைய பிற்காலப் படங்களைத் தேடிப் பார்த்தேன். ஓடை, தாழ்ந்த குன்று, சுமையோடு நடக்கும் ஒருவர். மறுபடியும் ஓடை, குன்று, சுமை. ஒரே படத்தை ஏன் இத்தனை முறை வரைந்தார்?

பதில்: குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 1950களுக்குப் பின் கொரியர்கள் ‘சோங்ஜோன் பாணி’ என்று பெயரிட்டு அழைக்கும் அளவுக்கு ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. அகலமான தாள், குறுக்கே ஓடும் குன்று வரிசை, கரையில் புற்புதர்கள், நடந்து செல்லும் ஒரு சிறு உருவம். கேட்டு வாங்கியவர்களுக்காகக் கை பழக்கத்தில் வரைந்தவையும் அவற்றுள் உண்டு, அவை சோர்வாகத்தான் இருக்கின்றன.

நல்ல படங்களில் கவனிக்க வேண்டியது கீற்று. கிழக்காசிய ஓவியர்கள் பாறை, மண் ஆகியவற்றின் மேற்பரப்பைக் காட்டப் பல வகைக் கீற்றுகளை வகுத்துப் பெயரிட்டு வைத்திருந்தார்கள். அவை பெரும்பாலும் பெரிய பாறைகளுக்காகப் பிறந்தவை. கொரியாவின் சாதாரணக் குன்று அப்படிப்பட்டதன்று. மண்ணும் சிறு கல்லும் புதரும் கலந்து, தேய்ந்து, வழுக்கையும் முடியுமாகக் கிடப்பது. அதற்காக லீ, தூரிகையில் மை குறைந்த நிலையில், சாய்வாக வெட்டினாற்போல் சிறு சிறு கீற்றுகளை இட்டு, அவற்றின் மேல் புள்ளிகளைத் தூவி, ஒரு தனிக் கீற்றுமுறையையே அமைத்துக்கொண்டார். எட்டி நின்றால் குன்று மழையில் நனைந்ததுபோல் மென்மையாகத் தெரிகிறது. கிட்டப் போனால் உலர்ந்த, பொறுமையற்ற, சட்சட்டென்று வெட்டிய கீற்றுகளே தெரிகின்றன. ஒளியைச் சிறு தீற்றல்களால் கட்டிய பிரெஞ்சு ஓவியர்களை இது சிலருக்கு நினைவூட்டுகிறது. எனக்கு அந்த ஒப்பீடு அரைகுறையாகவே படுகிறது. அவர்கள் தீட்டியது ஒளி, இவர் தீட்டியது மண்ணின் கரகரப்பு.

அந்தச் சிறு உருவத்தையும் விட்டுவிடக் கூடாது. பழைய மலை ஓவியங்களில் மனிதர் வந்தால் பெரும்பாலும் கைத்தடியோடு உலாவும் அறிஞராகவோ படகில் சாய்ந்திருக்கும் துறவியாகவோ வருவார், மலையை ரசிக்கவென்றே வந்தவர். லீயின் மனிதருக்கு மலையைப் பார்க்க நேரமில்லை. முதுகில் சுமை இருக்கிறது, சில படங்களில் முன்னால் மாடு நடக்கிறது, பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலில் கண் வரப்புக்கு இறங்கியது என்றேனே, இந்த ஆள் நடக்கும் மட்டத்துக்குத்தான் இறங்கியது.

கேள்வி: வரைந்தது சாதாரணத் தாளிலா?

பதில்: காகித முசுக்கட்டை மரத்தின் பட்டை நாரிலிருந்து செய்யும் கொரியத் தாளில். அது மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும், இட்ட கீற்றை அழிக்க வழியில்லை.

கேள்வி: உங்கள் பதில்களில் பியோன் க்வான்-சிக் என்ற பெயரும் வருமென்று எதிர்பார்க்கிறேன். இருவரில் யார் பெரியவர்?

பதில்: தராசு வேண்டாம். ஆனால் இருவரையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது பயன் தரும். பியோன் 1899இல் பிறந்தவர், மேலே சொன்ன ஜோ சோக்-ஜினின் மகள்வழிப் பேரன். தோங்யோன்சா கலைந்தபின் 1925இல் ஜப்பான் சென்று சில ஆண்டுகள் பயின்று திரும்பினார். 1930களின் பிற்பகுதியில் நகரத்தை விட்டு நீங்கி, நாடெங்கும் அலைந்து, கும்காங் மலையில் நெடுநாள் சுற்றினார். பின்னர் நாடு இரண்டாயிற்று. கும்காங் மலை வடக்கில் அகப்பட்டுக்கொண்டது, பியோன் தெற்கில். அவருடைய மிகப் பெரிய கும்காங் ஓவியங்கள், 1959இல் வரைந்த ‘வெளிக் கும்காங்கின் மூவர் பாறை’ உட்பட, எல்லாம் அதற்குப் பிறகு நினைவிலிருந்து வரையப்பட்டவை.

லீ கண்ணைத் தாழ்த்தினார் என்றால் பியோன் கண்ணைச் சுழற்றினார். அவருடைய பாறைகள் நம் தலைக்கு மேல் சாய்ந்து விழுவதுபோல் நிற்கும். பாதை ஒரு புறம் வளைய, அருவி மறு புறம் திரும்ப, மேலங்கி அணிந்த முதியவர்கள் நடுவே வேகமாக நடந்துகொண்டிருப்பார்கள். மெல்லிய மையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை ஏற்றிக் கருமையைச் சேர்ப்பதும், அதன் மேல் விட்டுவிட்டுப் புள்ளிகளால் கோட்டை உடைப்பதும் அவருடைய வழி. அந்தக் கருமைக்கு எண்ணெய் வண்ணப் படத்தின் கனம் உண்டு. மேற்கின் பார்வை ஒழுங்கை நன்கு தெரிந்துகொண்டபின், அதை வேண்டுமென்றே கலைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். அமைதி வேண்டும் நாளில் லீயைப் பார்ப்பேன். பியோனின் படத்தை உட்கார்ந்துகொண்டு பார்க்க என்னால் முடிவதில்லை.

கேள்வி: இந்த இணைப்பு அவர்களோடு முடிந்துவிட்டதா?

பதில்: இல்லை, வேறு வேறு திசைகளில் போயிற்று. 1916இல் உல்ஜினில் பிறந்து 2002இல் மறைந்த யூ யோங்-குக் மறுகரையிலிருந்து வந்தவர். டோக்கியோவில் நவீன அரூப ஓவியம் பயின்று, ஊர் திரும்பிச் சில காலம் மீன்பிடித் தொழிலிலும் மதுவடிப்பிலும் ஈடுபட்டு, மீண்டும் தூரிகையை எடுத்தவர். எண்ணெய் வண்ணத்தில், முக்கோணங்களும் பட்டைகளுமாக, சிவப்பும் மஞ்சளும் ஆழ்நீலமுமாக அவர் வரைந்தவை ஏறக்குறைய எல்லாமே மலைகள். கருவி முழுவதும் மேற்கு, ஆனால் மலையை வெளியே நின்று பார்க்காமல் உள்ளே வைத்துக்கொண்டு வரையும் மனநிலை பழைய மரபினுடையது. லீ செய்ததன் கண்ணாடிப் பிம்பம் என்று சொல்லத் தோன்றுகிறது.

மையிலேயே நின்றவர்களில், 1945இல் பிறந்த பாக் தே-சோங்கைக் குறிப்பிட வேண்டும். சிறுவயதில், கொரியப் போர்க் கால வன்முறையில் பெற்றோரையும் இடது கையையும் இழந்தவர், பள்ளிக் கல்வியாக ஓவியம் படிக்காதவர். 1990களில் நியூயார்க் சென்று நவீன ஓவியத்தை நேரில் கண்டுவிட்டு, திரும்பிவந்து பழைய தலைநகரான க்யோங்ஜுவில் குடியேறினார். சுவரளவு தாள்களில் அவர் வரையும் கும்காங் சிகரங்கள், மீன் கண் வில்லை வழியே பார்ப்பதுபோல் வளைந்தும் உருண்டும் நிற்கின்றன. ஜோங் சோனின் வட்டமும் பியோனின் சுழற்சியும் ஒளிப்படக் கருவியின் கோணமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

பெயர் மாற்றம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். 1922இல் தொடங்கிய காலனிக் கண்காட்சி ஓவியங்களைக் ‘கீழைத்தேய ஓவியம்’, ‘மேலைத்தேய ஓவியம்’ என்று இரு கூடங்களாகப் பிரித்தது. அந்தப் பிரிவும் சொல்லும் விடுதலைக்குப் பின்னும் பல்லாண்டுகள் தொடர்ந்தன. பின்னர்தான் மை ஓவியத்தைக் ‘கொரிய ஓவியம்’ என்று அழைப்பது பரவலாயிற்று. கிழக்கும் மேற்கும் இணைந்தன என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். லீ தம் படத்தைக் கொண்டுபோய் மாட்டியபோது, அவை இரண்டும் வெவ்வேறு கூடங்களில் இருந்தன.

கேள்வி: அடுத்த ஆண்டு சியோல் செல்கிறேன். எங்கே பார்க்கலாம்?

பதில்: ‘குளிர்காலத் தொடக்கம்’ தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்கு உரியது. 1922ஆம் ஆண்டுத் திரையும் இப்போது அங்கேதான் இருக்கிறது. சாம்சங் நிறுவனத் தலைவராக இருந்த லீ கன்-ஹீயின் குடும்பத்தார் 2021இல் அவருடைய சேகரிப்பை நாட்டுக்கு வழங்கியபோது வந்த படைப்புகளுள் அதுவும் ஒன்று. தாளில் வரைந்த மை ஓவியங்களை ஒளியில் நெடுநாள் வைக்க மாட்டார்கள் என்பதால், காட்சியில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஆன் ஜுங்-சிக்கின் அரண்மனைப் படம் கொரிய தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 1920இல், 23 வயதில், சாங்தோக் அரண்மனையின் க்யோங்ஹுன் மண்டபத்துக்காக லீ வரைந்த சுவர் ஓவியமும் உண்டு. அலைகளைப் பார்த்து நிற்கும், சாவை வென்ற மூன்று ஞானிகள்தான் அதன் பொருள். வயலுக்கு வருவதற்கு முன் அவர் இருந்த உலகம் அது.

அருங்காட்சியகங்களை முடித்துக்கொண்டு, க்யோங்போக் அரண்மனைக்கு மேற்கே நுஹா-தோங் பகுதிக்கு நடந்து செல்லுங்கள். 1972இல் மறையும்வரை லீ வாழ்ந்த ஓட்டு வீடும், மாணவர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த அறையும் அங்கே உள்ளன. 2005இல் பண்பாட்டுச் சின்னமாகப் பதிவுசெய்யப்பட்ட வீடு அது. அவருடைய மாணவர் பாக் நோ-சுவின் வீடும் சற்றுத் தொலைவில் சிறு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆசிரியரின் சாம்பல் வயலிலிருந்து மாணவர் எவ்வளவு அடர்ந்த நீலத்துக்குப் போனார் என்பதை அங்கே காணலாம். சந்திலிருந்து வெளியே வந்து மேற்கே பார்த்தால் கூரைகளுக்கு மேல் தெரிவது, 1751இல் ஜோங் சோன் வரைந்த அதே இன்வாங் மலை. அந்த மலையின் அடிவாரத்தில் குடியிருந்துகொண்டுதான் லீ பெயரில்லாத குன்றுகளை வரைந்துகொண்டிருந்தார்.